அழுகை நாற்காலி

நம்ம லிஃப்ட்டுக்கு ஒரு பெரிய குறை. அவருக்கு ஒரு குறையும் கிடையாது.

சிரிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை நெருங்க நெருங்க, ஒரே ஒரு குறை கிடைக்காதான்னு மனுஷன் தவிச்ச தவிப்பு, பல்வலிக்காரன்கூடத் தவிச்சிருக்க மாட்டான்.

லிஃப்ட்டுங்கிறது பேரு இல்லை, தொழில். லிஃப்ட் மெக்கானிக். கூண்டுக்கு மேல ஏறி நின்னு, அது ஓடுற தண்டவாளத்துக்கு கிரீஸ் தடவி, கதவு சென்சாரைத் துடைச்சு, நாள் பூரா மேலயும் கீழயும் போயி வர்ற ஆளு. அந்த வேலையில கிரீஸைவிட மோசமான சங்கதி ஒண்ணு இருக்கு. பேச ஆளு கிடையாது. லிஃப்ட்டுல ஏறுறவன் எவனாவது பேசுறானா? எல்லாரும் நம்பரையே அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கிறான், ஏதோ அடுத்த நம்பர் தனக்குத்தான் விழப்போற மாதிரி. இவர் "வணக்கம் சார்"னு சொன்னா, அவன் "நாலாவது மாடி"ங்கிறான்.

அதனாலதான் அந்தப் பாட்டுக் கூட்டம் இவருக்கு உசுரு.

கூட்டம் நடக்கிறது சலூன்ல. சலூன்காரர் ஞாயித்துக்கிழமை மத்தியானத்தோட கத்திரியைக் கழுவி வெச்சுட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிடுவாரு. பவுடர் டப்பாவுக்குப் பின்னால இருந்து ரெக்கார்டு பிளேயர் வெளிய வரும். மருந்துக்கடை அக்கா வருவாங்க. பஸ் டிரைவர் வருவாரு. இன்னும் நாலஞ்சு பேரு. எல்லாருக்கும் புளூஸ், சோல், ஃபங்க்னா பைத்தியம். அவங்கவங்களுக்குப் பிடிச்ச பாட்டை ரெக்கார்டாவோ செல்லுலயோ கொண்டுவந்து மத்தவங்களுக்குப் போட்டுக் காட்டணும். வார்த்தை பாதி புரியாது. அழுகை முழுசாப் புரியும்.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். புளூஸ்னா தாங்க முடியாம அழற பாட்டு. சோல்னா ஒருத்தரை நெனச்சு உருகற பாட்டு. ஃபங்க்னா உங்களைக் கேக்காமலே உங்க இடுப்பு முடிவெடுக்கிற பாட்டு.

சலூன்காரர் ஒரு சட்டம் வெச்சிருந்தாரு. "ஓசியில யாரும் பாட்டு போடக்கூடாது. புளூஸ் போடணும்னா சொந்தக் கவலை ஒண்ணு சொல்லணும். சோல் போடணும்னா வீட்டு ஆளுங்களைப் பத்தி ஆசையா நாலு வார்த்தை சொல்லணும். ஃபங்க் போட்டா எந்திரிச்சு ஆடணும்."

ஃபங்க்கை இவர் ஒரே ஒரு தடவை முயற்சி பண்ணினாரு. நாலு அடிதான் ஆடியிருப்பாரு. டிரைவர் ஓடிப்போயி மெயின் சுவிட்சை அணைச்சு, கட்டைக் குச்சியால இவரைத் தள்ளி விட்டாரு. கரண்டு பிடிச்சிருச்சுன்னு நெனச்சுட்டாரு பாவம்.

சோல் பக்கம் போகவே இல்லை. கட்டின பொண்டாட்டியைப் பத்தி ஆசையா, அதுவும் நாலு பேருக்கு நடுவுல? நெனச்சாலே காது சூடாகிப் போகும் அவருக்கு.

மிச்சம் இருந்தது புளூஸ். அதுல ஒரு சௌகரியம் வேற. கவலை சொல்ற ஆளுக்கு மட்டும் சலூனோட பெரிய சுத்துற நாற்காலி. மத்தவங்களுக்கெல்லாம் பெஞ்சு. சலூன்காரர் மிதியை மிதிச்சு நாற்காலியை உசத்தி விடுவாரு. கண்ணைத் துடைக்க சூடா ஒரு டவல் குடுப்பாரு. சுத்திலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் எல்லாரும் உங்களையே பாத்துக்கிட்டிருப்பாங்க. ஒருத்தர்கூட "நாலாவது மாடி"ன்னு சொல்ல மாட்டாங்க.

அந்த நாற்காலிக்கு என்ன பேரு தெரியுமா? அழுகை நாற்காலி. அதுல உக்கார இவருக்கு ஒரு அழுகை வேணும். அழுகைக்கு ஒரு கவலை வேணும். கவலைக்கு எங்க போறது? சம்பளம் ஒழுங்கா வருது. உடம்புக்கு ஒண்ணுமில்லை. வீட்டம்மாவோ தங்கமான பொம்பளை. முன் அறையில தையல் மிஷின் போட்டு, பேண்ட் கால் மடிக்கிறது, ஜிப் மாத்துறது, திரைச்சீலை தைக்கிறதுன்னு தான் உண்டு தன் வேலை உண்டுன்னு இருக்கிறவ. இவர் ஸ்பீக்கரை அலற விட்டாலும் "கொஞ்சம் குறைங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்படிப்பட்டவளை வெச்சுக்கிட்டு ஒருத்தன் எப்படிங்க புளூஸ் போடுவான்?

அப்பதான் ஒரு ஞாயித்துக்கிழமை, நாற்காலி காலியாக் கிடந்ததைப் பாத்து மனுஷனுக்குக் கை கால் பரபரன்னு ஆயிருச்சு. போயி உக்காந்துட்டாரு. உக்காந்த பிறகுதான் யோசிச்சாரு. எதிர்க்க கண்ணாடியில எல்லா முகமும் காத்துக்கிட்டிருக்கு.

"எங்க வீட்டுல..." அப்படின்னாரு. தொண்டையைச் செருமினாரு. "எங்க வீட்டுல எனக்குத் தலகாணி குடுக்கறதில்லைங்க."

"அய்யோ!" மருந்துக்கடை அக்கா வாயில கை வெச்சாங்க.

"கோவம் வந்தா எல்லாத் தலகாணியையும் எடுத்து அவளே வெச்சுக்குவா. நான் என் சட்டையைச் சுருட்டித் தலைக்கு வெச்சுப் படுக்கிறேன்."

அவ்வளவுதான். டவல் வந்துச்சு. சலூன்காரர் ரெக்கார்டு மேல முள்ளை மெதுவா இறக்கினாரு. டிரைவர் வந்து தோள்ல கையை வெச்சாரு. லிஃப்ட்டுக்கு அன்னிக்கு நாற்காலி மட்டுமில்லை, மனசே உசந்து போச்சு.

அடுத்த வாரம் டீயில சக்கரை இல்லைன்னாரு. அதுக்கடுத்து, பாட்டு போட்டா நிறுத்திருவான்னாரு. அப்புறம், "என்கூட நேரா பேசவே மாட்டா, பாத்திரம் பண்டத்துகிட்டதான் பேசுவா"ன்னாரு. அதுக்கு மட்டும் சலூன்காரர் ரெண்டு பாட்டு போட்டாரு. டிரைவர் தேம்பினாரு. லிஃப்ட்டு வர்ற வரைக்கும் அந்த நாற்காலியில யாரும் உக்காராம இருக்கிற அளவுக்கு மரியாதை ஏறிப்போச்சு. வீட்டுக்குத் திரும்பும்போது மட்டும் மனசுல லேசா ஒரு உறுத்தல். சக்கரை போட்ட டீயைக் குடிச்சதும் அது சரியாப் போயிரும்.

இதுக்கு நடுவுல ஒரு சங்கதி நடந்துச்சு. இவருக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்றேன், போயி ஊதிராதீங்க.

இவர் வேலைக்குப் போயிருந்த நேரம், மருந்துக்கடை அக்கா ஒரு பேண்ட்டைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. பேண்ட்டுல ஒரு கோளாறும் இல்லை. ராட்சசியை நேர்ல பாக்கணும், அதுக்குத்தான் வந்தது.

"கால் எவ்வளவு குறைக்கணும்க்கா?"

"உனக்கு எவ்வளவு இஷ்டமோ குறைச்சுக்கோம்மா. நீதான் எல்லாத்தையும் குறைக்கிறவளாச்சே."

வீட்டம்மா வாயில குண்டூசி. "ம்?"

"டீயில சக்கரை. படுக்கையில தலகாணி. வீட்டுல பேச்சு. ஒரு நல்ல மனுஷன் துரும்பா இளைச்சுக்கிட்டு வராரு. உனக்கு ஈரமே இல்லையா?"

"யாருக்கா அது?"

"உன் வீட்டுக்காரர்தான்!"

வீட்டம்மா குண்டூசியை எடுத்து ஊசிமெத்தையில குத்தினா. "அவரா? போன வாரம்தான் அவரு பேண்ட் இடுப்பைப் பிரிச்சு ரெண்டு விரல் அகலம் விட்டேன்."

அக்கா அப்பதான் அறையைச் சுத்திப் பாத்தாங்க. சோபாவுல தலகாணி மலை மாதிரி கிடக்கு. மூலையில ஸ்பீக்கர். அதுல சோல் பாட்டு வேற ஓடுது, வீட்டுக்காரரு இல்லாத நேரத்துலயே. டீ வந்துச்சு. ஒரு வாய் குடிச்சாங்க.

"என்னம்மா இது, பாகு மாதிரி இருக்கு?"

"அவருக்கு இப்படி இருந்தாத்தான் இறங்கும். எனக்கும் அப்படியே பழகிப்போச்சு."

"அப்ப அத்தனையும் பொய்யா! அடப்பாவி மனுஷா! நான் அங்க ரெண்டு டவல் நனைச்சேன்டி! வரட்டும் ஞாயித்துக்கிழமை, எல்லார் முன்னாலயும் வெச்சு..."

"வேண்டாம்க்கா."

வீட்டம்மாவுக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் அந்தச் சிரிப்பு எங்கயோ போயிருச்சு. தைச்சுக்கிட்டிருந்த துணியை மடியில வெச்சுத் தடவிக்கிட்டே கேட்டா.

"நல்லதா ஒண்ணுகூடச் சொல்லலியாக்கா?"

அக்கா அந்தப் பேண்ட்டை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அதுல என்ன எழுதியிருந்துச்சோ.

"சரி, விடுங்க." வீட்டம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டா. "அவரு சொன்னதை ஒண்ணு விடாம நிதானமாச் சொல்லுங்க. நான் அளவு எடுத்துக்கறேன்."

அன்னிக்கு ராத்திரியே தலகாணி போச்சு.

"ஏம்மா, என் தலகாணி எங்க?"

வீட்டம்மா இருந்த தலகாணியெல்லாம் அணை மாதிரி அடுக்கி அதுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தா. லிஃப்ட்டு சட்டையைச் சுருட்டித் தலைக்கு வெச்சாரு. பட்டன் கன்னத்துல அச்சாப் பதிஞ்சிருச்சு.

காலையில டீ வந்துச்சு. ஒரு வாய் குடிச்சாரு. மூஞ்சி கோணிப்போச்சு.

"சக்கரை போட மறந்துட்டியா?"

வீட்டம்மா இவரைப் பாக்கலை. கையில இருந்த கத்திரிக்கோலைப் பாத்தா. "கத்திரிக்கோலே, சக்கரை மறக்கலை, போடலைன்னு அங்க சொல்லு."

லிஃப்ட்டு கத்திரிக்கோலைப் பாத்தாரு. கத்திரிக்கோலு ஒண்ணும் சொல்லலை.

"என்கிட்ட நேரா சொல்லேன்."

"நூல்கண்டே, நேரா பேசுற பழக்கம் இந்த வீட்டுல கிடையாதுன்னு தெரியாதாமா?"

"சரி, நான் என்ன தப்பு பண்ணினேன், அதையாவது சொல்லு!"

"இஸ்திரிப்பெட்டியே, சூடாகாத."

"நானா சூடாகறேன்?"

"அவரைச் சொல்லலை, பெட்டியைச் சொன்னேன்னு சொல்லு, நூல்கண்டே."

அந்த வாரக் கடைசியில லிஃப்ட்டு நூல்கண்டுகிட்ட "சாப்பாடு ஆச்சான்னு கேட்டுச் சொல்லுப்பா"ன்னு கெஞ்சற நிலைமைக்கு வந்துட்டாரு.

எல்லாத்தையும்கூடத் தாங்கிக்கிட்டாரு. பாட்டு விஷயத்துலதான் ஆடிப்போனாரு. இவர் ஸ்பீக்கரைப் போட்டா, வீட்டம்மா பட்டுனு தையலை நிறுத்திட்டு எந்திரிச்சு உள்ள போயிருவா. பாட்டை யாரும் நிறுத்தலை, ஓடிக்கிட்டுதான் இருக்கு. ஆனா என்னமோ குறையுது. திம்திம்னு அடிக்கிற பேஸ் சத்தம் போயிருச்சோன்னு ஸ்பீக்கரைக் கழட்டினாரு. ஒயரை மாத்தினாரு. உள்ள இருந்த காகிதக் கூம்பைத் தட்டிப் பாத்தாரு. லிஃப்ட்டையே பிரிச்சு மாட்டுற மனுஷன், ஒரு பாட்டுல என்ன கழண்டு போச்சுன்னு கண்டுபிடிக்க முடியாம தரையில உக்காந்திருந்தாரு.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. இந்தத் தடவை பொய்யே தேவையில்லை. நெஞ்சு நெறைய அசல் சரக்கு. நாற்காலியில ஏறி உக்காந்து டவலைக் கையில எடுத்துக்கிட்டாரு.

"எனக்கு வீட்டுல தலகாணி இல்லைங்க!"

"அது முதல்லயே சொன்னதாச்சே அண்ணே." சலூன்காரர் முள்ளைத் தூக்கிப் பிடிச்சபடியே நின்னாரு.

"டீயில சக்கரை..."

"சொல்லியாச்சு" டிரைவர்.

"என்கூட நேரா பேசறதில்லைங்க! கத்திரிக்கோலு, நூல்கண்டு..."

"அதுக்குத்தான் ரெண்டு பாட்டு போட்டமே, தம்பி." இது மருந்துக்கடை அக்கா. மூஞ்சியில ஒரு அசைவு இல்லை. "பழைய கவலைக்குப் புதுப் பாட்டு கேட்டா எப்படி?"

"அக்கா, அப்ப சொன்னது வேற! இது நெஜம்!"

கண்ணாடியில எல்லா முகமும் நிமிந்துச்சு. லிஃப்ட்டு உதட்டைக் கடிச்சுக்கிட்டாரு.

"அப்பவும் நெஜம்தான். இது... இன்னும் கொஞ்சம் நெஜம்."

"எறங்குங்க அண்ணே." சலூன்காரர் மிதியை மிதிச்சாரு. நாற்காலி புஸ்ஸுன்னு கீழ வந்துச்சு. அந்த இடத்துல டிரைவர் ஏறி, புது ஷூ காலைக் கடிக்குதுன்னு ஒரு கவலை சொன்னாரு. ஷூ கடிச்சதுக்கு டவல் குடுத்தாங்க! லிஃப்ட்டு பெஞ்சு நுனியில உக்காந்து அதையும் பாத்தாரு.

அப்பதான் அவர் மண்டையில ஒரு மின்னல் வெட்டிச்சு. தலகாணின்னேன், தலகாணி போச்சு. சக்கரைன்னேன், சக்கரை போச்சு. சொன்ன வரிசை மாறாம அப்படியே நடந்திருக்கு. வீட்டம்மாவுக்கு யாரு சொல்லியிருக்க முடியும்? யாருமில்லை. அப்படின்னா...

கண்ணாடிகிட்ட ஓடினாரு. நாக்கை நீட்டினாரு.

"என்னண்ணே?"

"கருநாக்கு! எனக்குக் கருநாக்கு! சொன்னதெல்லாம் பலிக்குதுய்யா!"

சலூன்காரர் டார்ச் அடிச்சுப் பாத்தாரு. "கறுப்பு ஒண்ணும் தெரியலையே. காபிக் கறைதான் இருக்கு."

"உள்ள இருக்கும். அடியில பாருங்க."

"எங்க டிப்போவுல ஒரு கண்டக்டர் இருந்தாரு" டிரைவர் ஷூவைக் கழட்டிக்கிட்டே சொன்னாரு. "டயர் வெடிக்கும்பாரு. வெடிக்கும். கடைசியில அவர் வாயைத் திறந்தாலே நாங்க பிரேக் போட்டுருவோம்."

மருந்துக்கடை அக்காவுக்கு அப்ப பயங்கரமா இருமல் வந்துச்சு. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் இருமினாங்க. இருமி முடிச்சு, "அப்ப நல்லதாச் சொல்லிப் பாருங்களேன் தம்பி. அதே நாக்குதானே"ன்னாங்க.

ஆஹா! லிஃப்ட்டுக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அடுத்த வாரம் வரைக்கும் பொறுக்க முடியுமா? "சோல்!" அப்படின்னாரு. "நான் இப்பவே சோல் போடறேன்!"

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. லிஃப்ட்டு கண்ணை இறுக்க மூடிக்கிட்டாரு. "எங்க வீட்டம்மா எனக்கு ரெண்டு தலகாணி குடுப்பா. டீயில சக்கரை மூணு ஸ்பூன் போடுவா. நேரா பேசுவா."

"அண்ணே, இது ஆசை வார்த்தை இல்லை. ஓட்டல்ல ஆர்டர் குடுக்கிற மாதிரி இருக்கு. மனசுல இருந்து ஏதாவது வரட்டும்."

மனசுல இருந்தா? லிஃப்ட்டு திகைச்சுப் போனாரு. உள்ள தேடினாரு. காது சூடாச்சு. கழுத்து சூடாச்சு. அப்புறம் தானா வந்துச்சு.

"நான் வீட்டுல பாட்டு போடும்போது அவ மிஷின் ஓடிக்கிட்டிருக்கும். தாளத்துல ரெண்டாவது அடிக்கும் நாலாவது அடிக்கும் சரியா மிதிப்பா. நான் இத்தனை வருஷமாத் தப்பான அடிக்குத்தான் கை தட்டறேன், உங்களுக்கே தெரியும். அவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை. இப்ப ஒரு வாரமா மிஷின் சத்தம் இல்லை. எனக்கு ஒரு பாட்டும் பாட்டா இல்லைங்க."

சலூன்காரர் ரெக்கார்டைத் துடைச்சுத் தட்டுல வெச்சாரு. மருந்துக்கடை அக்காவுக்கு இருமல் வரலை.

மறுநாள் டீயில ஸ்பூனு நிமிந்து நின்னுச்சு, அவ்வளவு சக்கரை. ராத்திரிக்குத் தலைக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணுன்னு தலகாணி. "என்னங்க, சாப்பிட வரீங்களா?" நேரா இவர்கிட்டயே! கத்திரிக்கோலு, நூல்கண்டு எல்லாம் வேலையை விட்டு நின்னுருச்சு. சாயங்காலம் ஸ்பீக்கரைப் போட்டாரு. டக்கு... டக்கு... ரெண்டாவது அடியில மிஷின் வந்து சேந்துச்சு. வீட்டம்மா துணியைப் பாத்துத் தைச்சுக்கிட்டிருந்தா. உதட்டு ஓரத்துல ஏதோ இருந்துச்சு. குண்டூசின்னு நெனச்சாரு.

மனுஷன் இத்தோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினா அவர் எப்படி லிஃப்ட்டு? மேல போற பட்டனை அமுக்கினா மேலதான் போவாரு.

அடுத்த ஞாயிறு அவரே முன்னால போயி நின்னாரு. "சோல்!"

"சொல்லுங்க."

"எங்க வீட்டம்மா என்னைத் துணி துவைக்கவே விட மாட்டா. ஜன்னல் துடைக்கச் சொல்ல மாட்டா. வேலையை விட்டு வந்ததும் காலை அமுக்கி விடுவா. மிஷினைச் சமையலறைக்கு மாத்திக்கிட்டு, பெரிய ஸ்பீக்கர் வைக்க எனக்கு இடம் விடுவா. எனக்கு..."

"என்ன தம்பி, பொண்டாட்டியைப் பத்திச் சொல்றீங்களா, கடவுள்கிட்ட வேண்டிக்கிறீங்களா?" அக்காவோட குரல் கொஞ்சம் மாறியிருந்துச்சு.

கூட்டம் முகம் சுளிக்குதுன்னு லிஃப்ட்டுக்குத் தெரிஞ்சு போச்சு. சமாளிக்கணும். கையை உசத்தினாரு. வாய் தானா மேடை ஏறிருச்சு.

"இன்னும் கேளுங்க! என்னைவிட அவளுக்குத்தான் பாட்டு தெரியும்! அவ வந்து இந்த நாற்காலியில உக்காரணும்! நான் வீட்டைப் பாத்துக்கிட்டு, அவ வர்ற வழியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்! அதுதாங்க என் ஆசை!"

கைதட்டல்னா கைதட்டல், ஷட்டர் அதிர்ந்துச்சு. லிஃப்ட்டு குனிஞ்சு வாங்கிக்கிட்டாரு. என்ன சொன்னோம்னு அவர் காதுக்கே சரியாப் போயிச் சேரலை.

"அப்படியே ஆகட்டும் தம்பி"ன்னாங்க மருந்துக்கடை அக்கா.

அந்த வாரம் பூரா காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. யாரும் அமுக்கலை. மிஷின் இருந்த இடத்தைவிட்டு அசையலை. துணி பக்கெட்டுல இவருக்காகக் காத்துக்கிட்டிருந்துச்சு. நாக்கு லேட்டா வேலை செய்யுது போலன்னு சமாதானம் பண்ணிக்கிட்டாரு.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கிளம்பி வாசலுக்கு வந்தா, வீட்டம்மா தலையை வாரி, கைப்பையை மாட்டிக்கிட்டு நிக்கிறா.

"எங்க கிளம்பிட்ட?"

"சலூனுக்கு."

"உனக்கு எதுக்கு சலூன்?"

"தெரியலீங்க. காலையில இருந்து யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரியே இருக்கு. போயி ஒரு பெரிய நாற்காலியில உக்காரணும்னு தோணுது."

லிஃப்ட்டு நாக்கை உள்ளுக்குள்ளயே தடவிப் பாத்தாரு. வேர்த்துருச்சு. இருந்த ஆசையில இதுவா பலிக்கணும்? கால் அமுக்கறது பலிச்சிருக்கக் கூடாதா?

சலூன்ல இவங்க நுழைஞ்சதும் எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டாங்க. தலகாணி பறிச்ச பொம்பளையாச்சே. டிரைவர் ரெண்டடி தள்ளியே நின்னாரு. வீட்டம்மா நேராப் போயி அழுகை நாற்காலியில உக்காந்தா. சலூன்காரர் மரியாதையா மிதிச்சு உசத்தினாரு.

லிஃப்ட்டு ஷட்டர் ஓரமா ஒதுங்கினாரு. என்னத்தைச் சொல்லப் போறா? எல்லாம் பொய்யின்னு உடைச்சுட்டா? அப்புறம் இந்தக் கூட்டத்துல யாரு தன் மூஞ்சியைப் பாப்பாங்க? மறுபடியும் நாலாவது மாடி, அஞ்சாவது மாடிதானா?

"என் கவலை சின்னதுதாங்க." வீட்டம்மா கண்ணாடியில இருந்த லிஃப்ட்டைப் பாத்தா. "இவரு ரொம்ப நல்லவரு. நானும் இவரும் ஒரே வீட்டுல ஒரே பாட்டைத்தான் கேக்கறோம். இவரு வாரம் தவறாம இங்க வராரு. ஞாயித்துக்கிழமை தைச்ச துணியை வாங்க ஆளுங்க வருவாங்க. யாராவது வீட்டுல இருக்கணும். அந்த யாராவது எப்பவுமே நான்தான். இன்னிக்கு மட்டும் பூட்டிட்டு வந்தேன். ஒரு தடவைகூட இவரு 'நீயும் வாயேன்'னு கூப்பிட்டதில்லை. எனக்குப் பிடிச்ச பாட்டு எதுன்னு கேட்டதில்லை. அவ்வளவுதாங்க."

டவலை எடுத்துக் குடுக்கணும்னு சலூன்காரருக்குத் தோணலை.

லிஃப்ட்டு தரையைப் பாத்தாரு. வெட்டி விழுந்த முடி கொஞ்சம் மூலையில கிடந்துச்சு. அதையே பாத்தாரு. அப்புறம் மெதுவா, "எது?"ன்னு கேட்டாரு. "உனக்குப் பிடிச்சது எது?"

"ஒரு பொம்பளை தனியாப் பாடுவா. பின்னால கிட்டார் ஒண்ணு மட்டும். மழைக்கு எங்கயோ ஒதுங்கி நிக்கிற மாதிரி இருக்கும். பாட்டு நடுவுல சட்டுனு நிறுத்தி ஒரு மூச்சு விடுவா. அந்த மூச்சுக்கு அப்புறம்தான் மத்த வாத்தியமெல்லாம் வந்து சேரும். நீங்க முன்னால வீட்டுக்குக் கொண்டு வந்தீங்களே, ரெண்டு தடவை போட்டுட்டு, சரியில்லைன்னு இங்கயே திருப்பிக் குடுத்துட்டீங்க."

சலூன்காரர் நிமிந்தாரு. "அது என் ரெக்கார்டும்மா! அந்த மூச்சை இந்தக் கூட்டத்துல இன்னிக்கு வரைக்கும் யாருமே பிடிச்சதில்லை!" ஓடிப்போயி அலமாரியில தேடி எடுத்தாரு.

பாட்டு ஓடுச்சு. அந்த மூச்சு வந்தப்ப சலூன்ல இருந்த எல்லாரும் மூச்சை நிறுத்திக்கிட்டாங்க. லிஃப்ட்டுக்குக் கண்ணு நெறைஞ்சிருச்சு. இந்தத் தடவை அவருக்கு டவல் நெஜமாவே தேவைப்பட்டுச்சு, ஆனா கைவசம் இல்லை. சட்டைக் கையில துடைச்சுக்கிட்டாரு.

பாட்டு முடிஞ்சதும் ஓட்டெடுப்புகூட நடக்கலை. நாற்காலி இனி வீட்டம்மாவுக்குத்தான்னு எல்லாரும் ஒரே குரல்ல முடிவு பண்ணிட்டாங்க. "அண்ணே, உங்க ஆசை பலிச்சிருச்சு!"ன்னு டிரைவர் கட்டிப்பிடிச்சு வாழ்த்து வேற சொன்னாரு. வீட்டைப் பாத்துக்கிட்டு வழி பாத்து உக்காந்திருப்பேன்னு நாலு பேரு முன்னால சொன்ன மனுஷன், இனி என்னத்தைச் சொல்றது?

அடுத்த ஞாயிறு வீட்டம்மா தலையை வாரிக்கிட்டா. தைச்ச துணியெல்லாம் மேசையில அடுக்கி, எது யாருக்குன்னு சொல்லிக் குடுத்தா. மருந்துக்கடை அக்கா வாசல்ல வந்து நின்னு, "கிளம்பலாமா?"ன்னாங்க. ரெண்டு பேரும் பழைய சிநேகிதிங்க மாதிரி சிரிச்சுக்கிட்டாங்க. இது எப்பலேருந்துன்னு லிஃப்ட்டுக்குச் சந்தேகம் வந்துச்சு. ஆனா அதை யோசிக்க அவருக்கு நேரமில்லை. தொட்டி நெறைய சாப்பிட்ட பாத்திரம் கிடந்துச்சு.

அப்பதான் ஞாபகம் வந்துச்சு. நமக்கெதுக்குக் கவலை? நாக்கு இருக்கே!

தொட்டி முன்னால நிமிந்து நின்னாரு. கண்ணை மூடினாரு. "இந்தப் பாத்திரமெல்லாம் தானாக் கழுவிக்கும்!" அப்படின்னு கம்பீரமாச் சொன்னாரு.

ஒரு கரண்டிகூட அசையலை. இன்னும் சத்தமாச் சொன்னாரு.

வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே வீட்டம்மா குரல் குடுத்தா.

"நீங்க சொன்னது பலிக்கணும்னா நான் வீட்டுல இருக்கணுங்க. சோப்பு ஜன்னல் ஓரமா இருக்கு."